நந்திக்ராமம் தரும் பாடம்

ஸ்ரீ:

நாம் வங்கிப் பணியில் இருந்த காலத்தில் ஒரு மூதாட்டி மாதந்தோறும் முதல் வாரத்தில் பாஸ் புத்தகத்தில் வரவு பதிந்துகொள்ள வருவார். அயல்நாட்டில் வாழும் குமாரரிடமிருந்து ஒரே தொகை, ஒரே தேதியில் அவர் கணக்கிற்கு வந்து சேரும். ஒருநாள் அவர் நம்மிடம், "இது தானாக வருகிறதா, அல்லது மாதாமாதம் அவனே நினைத்து அனுப்புகிறானா?" என்று வினவினார். ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் பணம் தானே நகரும் ஏற்பாடு உண்டென்பதை அறிவோம்; அவர் குமாரர் எவ்வாறு அனுப்பினார் என்பதை அறியோம். ஆயினும், "அவரேதான் அனுப்புகிறார், அம்மா" என்றோம். இன்று நம் குமாரரும் அயல்நாட்டில் வாழ்கிறார். நம் கணக்கிலும் முதல் தேதியில் வரவு விழுகிறது. அவ்வினாவின் கனம் இப்போதுதான் விளங்குகிறது.

1991-இல் நம் தேசம் உலகச் சந்தைக்குக் கதவை அகலத் திறந்தது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் வெளிநாடுகளிலிருந்து தாயகத்திற்கு வந்த தொகை 10,000 கோடி டாலரைக் கடந்தது. ஓராண்டில் அவ்வளவு பெற்ற முதல் நாடு நம்முடையதே. அதனால் கடன் தீர்ந்த குடும்பங்கள் பல. வைத்தியம் பெற்ற முதியோர் பலர். இதனை இகழ்வது நன்றி மறத்தலாகும். இதே காலத்தில்தான், 2007-இல், பெற்றோரைப் பராமரிக்கும்படி பிள்ளைகளைப் பணிக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் பராமரிப்புத் தொகை விதிக்க அதில் இடமுண்டு. இதற்கு உலகமயமாதல் ஒன்றே காரணமன்று. எனினும், இல்லத்தில் தர்மமாக இருந்ததொன்று ஏட்டில் தொகையாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

பழைய கூட்டுக் குடும்பத்தில் யாவும் நிறைவாக இருந்தன என்றும் சொல்வதற்கில்லை. பணிவிடையின் பாரத்தைப் பெரும்பாலும் மருமகள்மாரே வாய்திறவாமல் சுமந்தனர். ஆகையால், அருகில் இருப்பதே தர்மம், தொலைவில் இருப்பதே குற்றம் என்று முடிவு கட்டலாகாது.

ஸ்ரீராமாயணத்தை நோக்குவோம். இளையபெருமாள் பெருமாளை விட்டுப் பிரியாமல் உடனிருந்து கைங்கர்யம் செய்தார். ஸ்ரீபரதாழ்வானோ பதினான்கு ஆண்டுகள் பிரிந்து நந்திக்ராமத்தில் இருந்தார். அவரை நம் பெரியோர்கள் குறைவாகக் கருதவில்லை. பாரதந்த்ர்யத்திற்கு எல்லையாகவே கொண்டாடினர். காரணம் என்? ராஜ்ய காரியம் ஒவ்வொன்றையும் பெருமாளுடைய திருவடிநிலைகளில் விண்ணப்பித்த பின்னரே அவர் நடத்தினார். அதிகாரம் அவர் கையில் இருந்தது. தாமே முடிவு செய்பவர் என்ற எண்ணம் அவரிடம் இல்லை. பெற்றோரை எம்பெருமானுக்கு ஒப்பாக்குகிறோம் என்று கொள்ளவேண்டா. இம்முறை மட்டுமே இங்கு நமக்குப் பாடம்.

விலை கொடுப்பவரே முடிவு செய்வார் என்பது சந்தையின் நியாயம். கடையில் அது தகும். அதே நியாயம் ஓசையின்றி இல்லத்திற்குள் புகும்போதுதான் கேடு விளைகிறது. பூர்விக வீட்டை விற்பதா, பெற்றோர் எங்கே வசிப்பது, திருவத்யயனத்தை எங்கே நடத்துவது என்பனவற்றைப் பணம் அனுப்புகிறவர் தீர்மானிக்கிறார். பெறுகிறவருக்குத் தகவல் மட்டும் வருகிறது. பசியின்றி வாழும் முதியவர், தம் சொல்லுக்கு இடமின்றி வாழ்கிறார். இது அயல்நாட்டில் வாழ்வோர்க்கு மட்டும் உரிய குறையன்று. அடுத்த தெருவில் இருந்துகொண்டும் இவ்வாறு செய்வோர் உளர்.

அண்மையில் நம் குமாரரிடம் அம்மூதாட்டியின் வினாவையே கேட்டோம். "தானாக வரும் ஏற்பாடுதான், அப்பா" என்று அவர் உண்மையைச் சொன்னார். சிறிது வருத்தம் தோன்றியது. சில நாள் கழித்து ஊரிலுள்ள வீட்டைப் பற்றிப் பேச அழைத்தவர், "உங்கள் திருவுள்ளம் என்ன?" என்றே தொடங்கினார். அவ்வருத்தம் நீங்கிற்று. பணம் தானாக வரலாம். இக்கேள்வியை ஒருவர் நினைத்துத்தான் கேட்கவேண்டும்.

அன்று நாம் சொன்ன விடை சரியன்று. "அம்மா, அதை உங்கள் குமாரரிடமே கேளுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அடியோங்கள் ராமாநுஜ தாஸர்கள்.