அதே 22 டிகிரி! மார்கழியில் குளிர், சித்திரையில் சுகம்... ஏன்?

ஒரு சின்ன கேள்வி.

மார்கழி விடியற்காலையில் சென்னையில் வெப்பநிலை 22 டிகிரிக்கு இறங்கினா போதும். ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் வெளியே வந்துடும். "அப்பா, என்னா குளிரு!"ன்னு கையைத் தேய்ச்சுக்கறோம். சித்திரையில் ஏசி ரிமோட்டை எடுத்து நம்மில் பலர் வைக்கிற எண் என்ன? அதே 22! எண் மாறல. அப்போ மாறினது எது?

நம்ம உடம்பும் மனசும்தான்.

அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சென்னை உட்பட இந்தியாவின் ஐந்து நகரங்களில், அலுவலகங்களில் வேலை செய்பவர்களிடம் வெவ்வேறு பருவங்களில் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் திறந்து காற்று வரும் கட்டிடங்களில், கடந்த ஒரு மாத வெளி வெப்பத்தின் சராசரி 25 டிகிரி என்றால், உள்ளே சுமார் 26 டிகிரி இதமாகத் தெரிகிறது. அந்தச் சராசரி 33 ஆனால், சுமார் 30 அரை டிகிரியே இதம்! பருவம் நகர நகர, நம்ம சுகமும் கூடவே நகருது.

உடம்பு செய்யும் வேலையைப் பாருங்க. தினமும் கொஞ்சம் வெயிலில் நடமாடினா, ஒன்று இரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதில் உப்பு குறைவாகப் போகும். மனசும் 'மே மாசம்னா புழுங்கத்தான் செய்யும்'னு தயாராகிடும்.

அப்போ சுகம் என்பது பெரும்பாலும் ஒரு பழக்கம். பழக்கம்னா அதுக்கு நமக்கும் பொறுப்பு உண்டு இல்லையா?

ஏசி குளிரைத் தயாரிக்கல. அறையில் இருக்கும் சூட்டை வெளியே தள்ளுது, தான் செலவழித்த மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து. பல இடங்களில் அந்த வெளி யூனிட் பக்கத்தில்தான் வாட்ச்மேன் அண்ணாவோட நாற்காலி இருக்கு. உள்ளே நாம 18 வெச்சு போர்வை போர்த்திக்கறோம். நம்ம போர்வைக்கு யார் வியர்க்கிறாங்க? ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. 2020 ஜனவரி முதல் புது வீட்டு ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வருவதும் இதனால்தான்.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கு. "எல்லாம் பழகிடும்"னு நாமே சொல்லிக்கறது ஒண்ணு. தகர ஷீட் வீட்டில் இருப்பவரிடம், சமையல்கட்டில் நிற்கும் அம்மாவிடம் சொல்றது வேற. பழகுவதற்கும் எல்லை உண்டு. வயசானவங்களுக்கு வியர்வையும் தாகமும் குறைஞ்சுடும், உடம்பு சூடேறுவதே தெரியாது. கைக்குழந்தைக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அவங்களுக்கு ஏசி ஆடம்பரம் இல்ல.

நாமா விரும்பி இருந்தா விரதம். அடுத்தவங்களை இருக்க வெச்சா அது பட்டினி. வெப்பத்திலும் இதே கணக்குதான்.

அக்னி நட்சத்திர நாட்களில் சிவாலயங்களில் லிங்கத்துக்கு மேல தாரா பாத்திரம் கட்டி, சொட்டுச் சொட்டா தண்ணீர் விழ வைக்கிறோம். நமக்குச் சுடும்போது 'சாமிக்கும் சுடுமே'ன்னு தோணின மனசு அது. கருவறை வரை போன அந்த மனசுக்கு வாசல்ல நிக்கிறவர் தெரியாமலா போயிடுவார்?

இந்தக் கோடையில் இதை மட்டும் செஞ்சு பாருங்க. நமக்கு மட்டும்னா ஏசியை 26-ல் வெச்சு, ஃபேனையும் போடுங்க. ஒரு வாரம் பொறுங்க, உடம்பு ஒத்துக்கும். வீட்டுப் பெரியவங்களிடம் "புழுக்கமா இருக்கா?"ன்னு கேட்டு, அவங்க சொல்ற எண்ணை வையுங்க. வாசலுக்கு வர்ற கொரியர் தம்பிக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்க.

உங்க வீட்டு ரிமோட் இப்போ எந்த எண்ணில் இருக்கு? யாருக்காக?