எது பழுது?

ஜூக்பாக்ஸோடு இணைக்கும் பொம்மைக் கச்சேரிப் பெட்டி ஒன்று உண்டு. அமெரிக்காவின் சிகாகோ காயின் நிறுவனம் செய்த ‘பேண்ட் பாக்ஸ்’. பாட்டு தொடங்கினால் திரை விலகும். குட்டி வாத்தியக்காரர்கள் அசைவார்கள். சேகரிப்பவர்கள் இன்றும் அதன் மோட்டாரைச் சீராக்கி, பொம்மைகளுக்கு வண்ணம் பூசி, தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறித்துவைக்கிறார்கள். பாடியவர் பெயர் அந்தக் குறிப்பில் வருவதில்லை.

பெருந்துறையில் நான் ஜூக்பாக்ஸ் பார்த்ததில்லை. பெரியப்பா பழுதுபார்க்கும் கிராமபோன்கள்தான். ஸ்பிரிங்கின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். சுழன்ற இசைத்தட்டைக் காட்டி, “பாடுறது யாருங்க பெரியப்பா?” என்றேன்.

“ஆரோ ஒரு பொம்பள, கண்ணு.”

லேபிளைத் துடைத்தேன். கோயம்புத்தூர் தாயி. தேவதாசி மரபில் வந்தவர், இயற்பெயர் பழனிகுஞ்சரம், 1872இல் பிறந்து 1917இல் மறைந்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் தெலாஷ், அவர் பாட்டைக் கேட்டுத்தான் குரலுக்கும் பியானோவுக்குமாக ‘ராகமாலிகா’ அமைத்தார்.

இயந்திரம் கெட்டால் உடனே தெரிகிறது. ஒரு பெண்ணின் பெயர் தேய்ந்தால் தெரிவதில்லை. முன்னதைப் பழுது என்கிறோம். பின்னதை இயல்பு என்று விட்டுவிடுகிறோம். எதைப் பழுதாகக் காண்கிறோம் என்பதிலேயே நம் அறம் இருக்கிறது.

பெரியப்பாவின் நோட்டில், கிராமபோனின் விவரத்துக்குக் கீழே, அவருடைய இரண்டு பெயர்களையும் எழுதிவைத்தேன்.