விடியும்வரை

மலேசியாவின் டெங்கிலில் அத்தை வீட்டு அடுப்படியில், எலிக்கூண்டுக்குள் ஒரு மூஞ்சூறு செத்துக் கிடந்தது. உடம்பில் காயமே இல்லை. ராத்திரி வெகுநேரம் கீச்சிட்டதாம். "பிள்ளையார் வாகனமாச்சே, விடிஞ்சதும் செம்பனைப் பக்கம் கொண்டுபோய் விட்டுறலாம்னு இருந்தேன்பா" என்று அத்தை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கூண்டில் வைத்திருந்த சுட்ட தேங்காய்ச் சில் அப்படியே இருந்தது. ஓரத்தில் ஒரு பல் தடம்கூட இல்லை.

அந்தச் சில்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. தின்ன ஒன்று பக்கத்திலேயே இருக்க, ஓர் இரவைக் கடக்க முடியாமல் ஓர் உயிர் போகுமா?

மூஞ்சூறு எலி இனமே அல்ல. கரப்பானும் புழுவும் தின்று வாழ்கிற பூச்சியுண்ணி. அதன் உறவுக்கார இனம் ஒன்று 2 கிராம் எடைதான் இருக்கும். அதன் இதயம் நிமிடத்துக்கு 1,500 முறைவரை துடிக்கும். தன் எடையைவிட அதிகமாகத் தினமும் தின்னும். சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே செத்துப்போகும். சின்னக் குவளைத் தேத்தண்ணி சீக்கிரம் ஆறுவதுபோல, சின்ன உடம்பிலிருந்து சூடு வேகமாக வெளியேறுகிறது. ஈடுகட்ட அது ஓயாமல் இரை தேட வேண்டும்.

சிறுவயதில் நாங்கள் இருந்த தோட்டத்து லயத்தில், பொழுது சாய்ந்ததும் சுவரோரமாக ஒரு தாய் மூஞ்சூறு ஓடும். அதன் பின்புறத்தை ஒரு குட்டி கவ்வியிருக்கும், அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. ஒன்று வளைந்தால் வரிசையே வளையும். நான் கம்பெடுத்தால் பாட்டி தடுத்துவிடுவார். "வழி விடுய்யா, அதுக்கு நிக்க நேரமில்ல." விடிகாலைப் பெரட்டுக்கு, அந்த ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடி ஓடியே காலம் கழித்தவர் அவர். நேரமில்லாத உயிர் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் உடலளவைப் பற்றி 1926-இல் எழுதிய கட்டுரை பாதிதான் நினைவிருக்கிறது. ஆழமான சுரங்கக் குழியில் விழுந்த சுண்டெலி உதறிக்கொண்டு எழுந்து போகும், மனிதன் நொறுங்கிப்போவான் என்பார். 5,000 சுண்டெலிகள் சேர்ந்தால் ஒரு மனிதனின் எடை. ஆனால் அவை தின்பதோ அவனைப்போல் 17 மடங்கு என்றும் கணக்குச் சொல்வார்.

1932-இல் உடலியலாளர் மாக்ஸ் கிளைபர் இந்தக் கணக்கை இன்னும் துல்லியமாக்கினார். 300 கிராம் எலியைவிட 3,000 கிலோ யானை 10,000 மடங்கு கனம். ஆனால் அவர் கண்ட விதிப்படி, அதற்கு வேண்டிய ஆற்றல் 1,000 மடங்குதான். யானையின் ஒவ்வொரு கிராமும் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் வாழ்கிறது. அதன் கரு 22 மாதம் வளர்கிறது. மூஞ்சூறுக்கு ஒரு மாதம் போதும். சிறியவை விரைவாக ஈன்று பெருகித் தலைமுறைகளை ஓட்டுகின்றன. பெரியவை காத்திருக்கின்றன.

இதே டெங்கிலில், பழைய ஈயக் குட்டைகள் பாயா இந்தா ஈரநிலப் பூங்காவாகிவிட்டன. அங்குள்ள முதலைகள் அசையாமல் கிடக்கும். உடற்சூட்டுக்கென்று எதையும் எரிக்காத முதலை, தின்னாமல் மாதக்கணக்கில் தாங்கும். அதே கூண்டு அதற்கு ஒரு சின்னத் தங்கல். மூஞ்சூறுக்கோ அந்த இரவு ஒரு பருவம். அத்தையின் 'விடிஞ்சதும்' அதன் கணக்கில் எத்தனை தூரம்!

அப்படியானால் தேங்காயை ஏன் தொடவில்லை? பசியை மிஞ்சிய பயமா? அல்லது அது நமக்குத்தான் உணவா?

பாலூட்டிகள் பலவும் ஆயுளில் ஏறக்குறைய 100 கோடி முறை இதயம் துடித்து ஓய்கின்றன என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, சிற்றுயிரும் தன் கணக்கில் முழு வாழ்வு வாழ்கிறது என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை. மனிதர்களான நாமே 200 கோடித் துடிப்பைத் தாண்டி வாழ்கிறோம். போதுமான ஆயுள் என்று எதைச் சொல்வது, அதை யாருடைய கடிகாரத்தில் அளப்பது? எனக்கு விளங்கவில்லை. சைபீரியாவில் அடையாள வளையமிட்டுப் பறக்கவிட்ட பிராண்ட் வௌவால் ஒன்று, 41 ஆண்டுகள் கழித்து உயிரோடு பிடிபட்டது. அந்த இனத்தின் எடை சுமார் 7 கிராம்தான்.