30 விநாடி ஓய்வு

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு ஜீப்பில் இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் இறக்கினாலும் வலது கால் பிரேக்கை விட்டு அதிகம் விலகாது. கீழே வந்து கடைவீதியில் ஓரங்கட்டியதும் கெண்டைக்கால் கல்லாகியிருக்கும். பானெட்டில் கையூன்றி, காலைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலைத் தரையில் அழுத்தி நீட்டச் சொல்லும்.

நீட்டியதை அப்படியே பிடித்திருப்பதா, விட்டு விட்டு நீட்டுவதா? பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியரைக் கேட்டால் விட்டு விட்டுத்தான் என்பார். 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதையே சோதித்தது. 47 பேர்; 90 விநாடி வீதம் ஐந்து முறை. ஒரு வகையில் நடுநடுவே 30 விநாடி ஓய்வு, மற்றதில் ஓய்வே இல்லை. ஓய்வில்லாமல் நீட்டியபோதுதான் மூட்டு கூடுதல் தூரம் போனது.

அப்படியானால் ஓய்வு வீணா? அவசரப்பட வேண்டாம். தொடர்ந்து நீட்டியவர்கள் கூடுதல் இழுவிசையைத் தாங்கப் பழகியிருந்தார்கள். "இதற்கு மேல் முடியாது" என்ற எல்லையில் ஒரு பகுதி தசையில் இருக்கிறது, மீதி நரம்பு மண்டலத்தில். தள்ளிப்போனது பெரும்பாலும் அந்த மீதிதான். அதே கோணத்தில் தசை காட்டும் விறைப்பு இரண்டு வகையிலும் குறைந்தது. நடுவே ஓய்வெடுத்து நீட்டியபோது சற்றே அதிகமாகக் குறையும் போக்கு தெரிந்தது.

ஆக, கால் எட்டும் தூரத்தைக் கூட்ட வேண்டிய நடனக்காரருக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரருக்கும் இடைவெளி வேண்டாம். ஜீப் ஓட்டுபவருக்கு எட்ட வேண்டிய தூரம் பெடல் வரைதான். அவருக்குத் தேவை விறைப்பு இறங்குவது. என் ஓட்டு ஓய்வுக்கே. ஆனால் அடுத்த சவாரி காத்திருக்கையில், ஆய்வில் செய்ததுபோல் ஓய்வையும் சேர்த்து ஒன்பதரை நிமிடத்துக்கு எங்கே போவது? 10 முதல் 30 விநாடி வரை, இரண்டு முதல் நான்கு தடவை போதும் என்கிறது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி. ஒரு காலை விட்டு மறுகாலை நீட்டினால் ஓய்வுக்கென்று தனி நேரமும் வேண்டாம். விடியற்காலைக் குளிரில் மட்டும், நாலு எட்டு நடந்துவிட்டு நீட்டுவது நல்லது.

எல்லாம் கடைவீதியில்தான். மசினகுடியிலிருந்து தெப்பக்காடு செல்லும் சாலை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. வழியில் நிறுத்தி இறங்கத் தடை. கெண்டைக்கால் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த ஏழெட்டு கிலோமீட்டரைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.