மாற்று எலும்பும் நிர்ப்பந்தமும்

முன்பு பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டு தளர்ந்து, சுற்றியுள்ள எலும்பு கரைந்துவிட்டால், மறு ஆபரேஷனில் அக்குழியை நிரப்ப வேண்டும். பிறர் தானமாகத் தந்த எலும்பை இடுவர்; கால்சியம் பாஸ்பேட்டால் செய்த துகள்களும் இன்று உண்டு.

ஒடிந்த எலும்பை நஜீஸான எலும்பால் இணைக்க, சுத்தமானது கிடைக்காதபோதே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜி'ல் இடமளித்தார்கள். மனித எலும்பு நஜீஸன்று; ஆயினும் அதன் கண்ணியம் கருதி, அந்நூலுக்கு உரை எழுதிய இமாம் ரம்லீ (ரஹ்) அவர்கள் அதையும் அச்சட்டத்தில் சேர்த்தார்கள்.

அப்படியானால், துகள் வந்தபின் நிர்ப்பந்தம் நீங்கிவிட்டதா? முழுதும் நீங்கவில்லை என்போம். பெரிய குழியில் துகள் மட்டும் உடற்பாரம் தாங்குவது கடினம். ஆகவே மனித எலும்புடன் கலந்தும் இடுகிறார்கள். நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவரிடம் 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பது, வலியில்லாத நமக்கு எளிது. ஆனால் துகளே போதும் என்று மருத்துவர் சொன்ன பிறகு நிர்ப்பந்தம் பேச இடமில்லை. வீட்டார் அவரிடம் இதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடவேண்டும்.