யாருக்காகக் கூடுகிறோம்?

அண்மையில் சென்னையில் உறவினர் இல்லமொன்றில் 16-ஆம் நாள் நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். மறைந்தவர் 90 வயதைக் கடந்த மூதாட்டியார். கொள்ளுப்பேரர் வரை கண்டவர். பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தவர்கள், அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவர்கள் என்று வீடு நிறைந்திருந்தது. பந்தி முடிந்து கூடத்தில் அமர்ந்திருந்தபோது, நான்காம் வகுப்பில் படிக்கும் கொள்ளுப்பேத்தி என்னருகில் வந்து, "பாட்டி, நாம் எல்லாரும் வந்திருப்பது கொள்ளுப்பாட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

33 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். குழந்தையின் வினாவைத் தட்டிக்கழிக்கலாகாது என்பது பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு வலியுறுத்திய பாடம். ஆயினும் அன்று, "பிறகு சொல்கிறேன், கண்ணே" என்று கூறி அவளை அனுப்பிவிட்டேன். அன்று முதல் அவ்வினா என்னைவிட்டு அகலவில்லை.

நம் ஆகமம் தரும் விடை ஐயத்திற்கு இடமில்லாதது. உடலை நீத்த உயிர் வீட்டைச் சுற்றி அலைவதில்லை. அடுத்த உடலுக்குரிய புத்கலங்களை ஏற்காமல் அது இருக்கக்கூடிய காலம், மிகுந்துபோனால் மூன்று சமயமே என்று தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் வரையறுத்துள்ளார். ஒரு முறை கண் இமைப்பதற்குள் எண்ணிலடங்காச் சமயங்கள் கழிந்துவிடுகின்றன. ஆகவே பிள்ளைகள் கைப்பேசியை எடுத்து ஊருக்குச் செய்தி சொல்லுமுன்பே அவ்வுயிர் தன் வினைக்கேற்ற இடத்தை அடைந்துவிட்டது. நாம் சமைப்பதும் படைப்பதும் அதனிடம் போய்ச் சேரும் என்பது நம் கொள்கையன்று. கொள்ளுப்பாட்டிக்குத் தெரியாது என்பதுதான் அக்குழந்தைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை.

அப்படியாயின் யாருக்காகக் கூடுகிறோம்? இருப்பவர்க்கு ஆறுதலாக என்பர். அதுவும் தவறன்று. ஆனால், அம்மூதாட்டியார் தம் கடைசி ஆறு நாள்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்தார். முறைவைத்துக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தவர்கள் நால்வரோ ஐவரோதான். விமானச் சீட்டுகள் பதிவானது உயிர் பிரிந்த பிறகு. அறியக்கூடியவர் இருந்தபோது வராமல், அறியமாட்டாத நிலையில் அத்தனை பேரும் வந்தோம். இதில் நானும் சேர்த்திதான்.

முன்னரே வந்துவிட்டால் போதுமா என்றால், அங்கும் ஒரு சிக்கல் உண்டு. அதே நூலின் ஏழாம் அத்தியாயத்தில் சல்லேகனைக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: வாழ்வை விழைதல், சாவை விழைதல், அன்பர்மீது பற்றுவைத்தல், முன்பு நுகர்ந்த இன்பங்களை நினைத்தல், மறுமையில் போகம் வேண்டல். (சல்லேகனை தற்கொலைக்கு ஒப்பாகும் என்று 2015 ஆகஸ்டு 10-இல் இராசஸ்தான் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அம்மாதம் 31-ஆம் நாளே உச்சநீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. சாவை விழைவதையே குற்றமாகச் சொல்லும் நூலை முதலில் படித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அது இருக்கட்டும்.) மூன்றாவதாகச் சொன்ன அதிசாரம்தான் என்னை 50 ஆண்டுகளுக்கு மேலாக வருத்திவருகிறது.

1970-ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். வந்தவாசி வட்டத்தில் எங்கள் சிற்றூரில், என் தந்தையாரைப் பெற்ற பாட்டியார் உணவைக் குறைத்துக்கொண்டு வந்தார். முதலில் சோற்றை விட்டார். பின்னர்ப் பால் மட்டும். பின்னர் அதையும் விட்டு வெந்நீர். சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் விதிக்கும் படிமுறை ஏறத்தாழ அதுவே என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜினாலயத்தில் கேட்ட கேள்விதான் அவருக்கு நூல்.

தந்தி எனக்குத் தாமதமாகக் கிடைத்தது. பேருந்தைவிட்டு இறங்கி இரண்டு கல் நடந்து வீடு சேர்ந்தபோது பொழுது சாயும் நேரம். கூடத்தில் பாட்டி கண்மூடிக் கிடந்தார். பெரியப்பா அருகில் அமர்ந்து பஞ்ச நமஸ்காரம் ஓதிக்கொண்டிருந்தார். "யாரும் அழக்கூடாது" என்று அவர் முன்பே சொல்லியிருந்தாராம். எனக்குச் சொல்வாரில்லை. நான் பாட்டியின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

இரண்டு நாள்களாகத் திறவாத கண்களைப் பாட்டி திறந்தார். என்னைப் பார்த்தார். "பொழுது போகப்போகிறதே, சாப்பிட்டாயா?" என்றார்.

இரவில் உண்ணாத குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அக்கேள்வியின் பொருள் விளங்கும். கதிரவன் மறைந்தால் பேத்தி விடியும்வரை பட்டினி. உலகை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தவரை என் அழுகை அடுக்களை வரைக்கும் இழுத்துவந்துவிட்டது. பெரியப்பா என்னை நோக்கிய நோக்கு இன்றும் நினைவில் உள்ளது. என் தாயார் ஒன்றும் பேசாமல் ஓர் இலையில் சோறிட்டுக் கொண்டுவந்து, "பாட்டி எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடு" என்றார். தொண்டையில் இறங்காத சோற்றை விழுங்கினேன். பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். இலையை மடித்ததும், "சரி" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் எங்களில் எவரிடமும் அவர் பேசவில்லை. விடியுமுன் உயிர் பிரிந்தது.

அந்த ஒரு கேள்வி பாட்டியின் நோன்புக்கு ஏற்பட்ட இழுக்கா? அதற்குக் காரணம் நானா?

துக்கம், சோகம், கதறி அழுதல், புலம்பல் ஆகியவை தன்னிடத்தும் பிறரிடத்தும் அசாதா வேதனீய வினையை வருவிக்கும் என்று ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. அதற்கு உரைகண்ட பூஜ்யபாதர், சர்வார்த்தசித்தியில் ஒரு தடையை எழுப்பி விடை தருகிறார். துன்பம் விளைப்பது தீவினையாயின், நோன்பும் கேசலோசமும் எப்படித் தகும்? மனத்தில் கஷாயம் உண்டா இல்லையா என்பதே அளவுகோல் என்கிறார். முனிவர் ஒருவரின் கட்டியை அறுக்கும் மருத்துவன் வலியைத் தருகிறான். கருணையால் செய்வதால் அவனுக்குப் பாவமில்லை. இவ்வளவுகோலால் என் அழுகையை அளந்து பார்க்கிறேன். அதில் பாட்டிக்கான பகுதி சிறிது. பாட்டி இல்லாமல் நான் என்ன செய்வேன் என்ற பகுதியே பெரிது. மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாட்டிக்கும் என் பெரியம்மாவுக்கும் ஒரு காசுமாலையின் பொருட்டுப் பல்லாண்டு மனத்தாங்கல். ஒரே வீட்டில் இருந்தும் முகங்கொடுத்துப் பேசியதில்லை. சோற்றை விட்ட நாளன்று பாட்டி பெரியம்மாவை அழைத்து, "நான் பேசியதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்ளாதே, அம்மா; எனக்கும் உன்மேல் ஒன்றுமில்லை" என்று கைகூப்பினாராம். "அத்தை, நீங்கள் போய் என்னைக் கும்பிடலாமா?" என்று பெரியம்மா பதறிப்போனாராம். பெரியம்மாவே இதை எனக்குச் சொன்னார்; சொல்லும்போதெல்லாம் அழுவார். சல்லேகனை மேற்கொள்பவர் முதலில் பற்றையும் பகையையும் நீக்கி, சுற்றத்தாரைப் பொறுத்து, இனிய சொற்களால் அவர்களிடம் பொறுத்தருள வேண்ட வேண்டும் என்பது இரத்தினகரண்டகத்தின் விதி. சுற்றம் அருகில் இல்லையேல் இவ்விதியை எவ்வாறு நிறைவேற்றுவது? பற்றை விடுவதற்கும் பற்றுக்குரியவர் எதிரில் இருக்கவேண்டியிருக்கிறது.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்குச் சென்றிருப்பீர்கள். பாறையில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ள அக்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தி பழந்தமிழ்க் கல்வெட்டாக உள்ளது. சிறுமியாயிருந்தபோது அங்கு நின்று அம்முனிவரின் உறுதியை எண்ணி வியந்தேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. அந்த 57 நாள்களையும் எண்ணியவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அனைத்தையும் துறந்த முனிவருக்கும் அருகிருந்து நாளெண்ணும் துணை ஒன்று இருந்திருக்கிறது. இழுத்துப் பிடிக்காத துணை.

பாட்டியின் "சரி" என்ற சொல்லை நான் இப்படித்தான் கொள்கிறேன். நான் போட்ட முடிச்சு அது. என் தாயார் ஓர் இலைச் சோற்றால் அதை அவிழ்த்தார். பாட்டியின் உயிர் எக்கதி அடைந்தது என்று சொல்ல எனக்கு ஞானமில்லை. பேத்தி உண்டதைப் பார்த்தபின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை மட்டும் கண்ணால் கண்டேன்.

ஊரில் என் சின்னம்மா இருக்கிறார். வயது 88. நடக்கிறார், காதும் நன்றாகக் கேட்கிறது. 1991-இல் ஒரு திருமணத்தின்போது அவரிடம் நான் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னேன். அதன்பின் இருவரும் அதைப் பற்றிப் பேசியதேயில்லை. வரும் ஞாயிறன்று புறப்படுகிறேன். "என்ன விசேஷம்?" என்று பேரன் கேட்டான். ஒரு விசேஷமும் இல்லை என்றேன். அந்தக் கொள்ளுப்பேத்தியையும் உடன் அனுப்பும்படி அவள் தாயிடம் கேட்டிருக்கிறேன். அவளுக்கு நான் ஒரு விடை சொல்லவேண்டியிருக்கிறது.