சுற்றுகிற கை

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. ஆண்டுக்கணக்கில் திரும்ப வரவில்லை. மண்ணெண்ணெயை மருந்துபோல அளந்து வாங்கினார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையுமளவு மட்டும் எண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம். பற்றரிக்கும் தடை.

அந்தக் காலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்பது, முற்றத்தில் கவிழ்த்து வைத்த ஒரு சைக்கிள். இரவில் வானொலிச் செய்தி கேட்டாக வேண்டும். பெடலைக் கையால் சுற்றினால் பின்சில்லு உருளும், அதில் உரசி டைனமோ ஓடும், அதிலிருந்து வானொலிக்கு வயர் போகும். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் குரல் அமுங்கிவிடும். எங்கே குண்டு விழுந்தது என்று சொல்கிற நேரத்தில் அமுங்கினால், கேட்டிருப்பவர்களின் நெஞ்சும் கூடவே நின்றுவிடும். தன் சொந்தக்காரரின் ஊர்ப்பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டியிருக்கும் ஒருத்திக்காக, அந்த ஊரில் யாருமே இல்லாத ஒருவர் மூச்சுவாங்கச் சுற்றுவார். "கை உளையுதெண்டால் இஞ்ச விடு தம்பி" என்றபடி அடுத்தவர் வந்து குந்துவார்.

எல்லைவேலிக்காகக் கோர்ட்டுப் படியேறிய ஊர் அது. ஹெலி சுடத் தொடங்கினால் அயல்வீட்டுப் பங்கர்தான் கிட்ட என்றானபோது, அதே வேலியில் ஆள் நுழையப் பொட்டு வைத்தார்கள். முகம் பார்க்காதிருந்த இரண்டு வீட்டார் முழங்கால் முட்ட இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். போர் அவர்களை நல்லவர்களாக்கியது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது பிள்ளைகளைத் தின்றது. மனுசரை மனுசர் சந்தேகிக்க வைத்தது. வேலியில் பொட்டு வைத்தது போரல்ல, அந்த இரண்டு வீட்டுக் கைகள்.

1995 அக்டோபர் 30 இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தார்கள். கவிழ்த்து வைத்துச் சுற்றிய சைக்கிள்கள் அன்று நிமிர்ந்தே போயின, ஓட்ட இடமில்லாமல் உருட்டப்பட்டு. கரியரில் மூட்டையோடு ஒரு ஆச்சி. பெற்ற பிள்ளைகள் கனடாவிலோ கொழும்பிலோ. ஹாண்டிலைப் பிடித்திருந்தவன் பொட்டுக்கு அந்தப்பக்கத்து வீட்டுப் பொடியன்.